வாசலில் தொங்கும் கருடன்

எங்கள் கடையில் ஆகாச கருடன் கிழங்கை எடை போட்டு விற்பதில்லை. சுக்கு, திப்பிலி, கடுக்காய், வசம்பு எல்லாம் தராசில் ஏறும். கருடன் கிழங்கு மட்டும் உருப்படிக் கணக்கு. பெரியது ஒரு விலை, சின்னது ஒரு விலை. அப்பா காலத்திலிருந்து அப்படித்தான். “உயிரோட இருக்கிற சரக்கைத் தராசுல வைக்கக் கூடாதும்மா” என்பார். வேர், பட்டை, பூ, பிசின் என்று கடையில் உள்ள மற்றதெல்லாம் காய்ந்து அடங்கியவை. இது ஒன்றுதான் சாக்குக்குள் கிடந்தபடியே துளிர் விடும். காலையில் கடை திறந்து சாக்கின் வாயைப் பிரித்தால், வெளிறிய பச்சைக் கொடி ஒன்று வெளிச்சத்தைத் தேடி நீண்டிருக்கும்.

அப்பா போன பிறகு ஸ்ரீவில்லிபுத்தூர் ரத வீதிப் பக்கம் உள்ள அந்த நாட்டு மருந்துக் கடையை நான் பார்த்துக்கொள்கிறேன். ஆடி பிறந்துவிட்டால் கருடன் கிழங்கு கேட்டு வருவோர் அதிகம். அமாவாசைக்கு முந்தின நாளும் செவ்வாய், வெள்ளியும் சொல்லவே வேண்டாம். புது வீடு கட்டியவர்கள், புதிதாகக் கடை போட்டவர்கள், பிள்ளைக்கு அடிக்கடி காய்ச்சல் வருகிற தாய்மார்கள், தறி ஓடாமல் நிற்கிறவர்கள் எல்லோரும் வருவார்கள். கிழங்கை மஞ்சள் தண்ணீரில் கழுவி, குங்குமம் வைத்து, சணல் கயிற்றில் கட்டி நிலைவாசலுக்கு மேலே தொங்கவிடுவார்கள். மண்ணும் தண்ணீரும் இல்லாமல் அந்தரத்தில் அது கொடி விட்டால் வீட்டுக்கு நல்லது. கண்ணேறு அண்டாது, ஏவல் அண்டாது, பாம்பு வாசல் மிதிக்காது என்பது நம்பிக்கை.

அப்பா சொன்ன அந்த ஒரு வார்த்தை எனக்குள் கேள்வியாக வளர்ந்துவிட்டது. உயிரோடு இருக்கிற சரக்கு என்றால், அந்த உயிரைக் கயிற்றில் கட்டித் தொங்கவிட்டு, “என் வீட்டைக் காப்பாற்று” என்று கேட்பது எந்த விதத்தில் தர்மம்? அப்படிக் கேட்டுக் கிடைக்கிற காப்பு காப்புதானா? தினமும் கல்லாவில் உட்காருகிறவளுக்கு இது ஏட்டுக் கேள்வி இல்லை.

முதலில் கிழங்கைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். வாங்குகிறவர்களில் பலர் இதைச் செடியாகப் பார்த்ததே இல்லை. இது கோவை, பாகல், சுரை இனத்துக் கொடி. கொல்லங்கோவை என்ற பெயரும் இதற்கு உண்டு. தரங்கம்பாடி மிஷனில் பாதிரியாராக இருந்து, தமிழுக்கு அகராதியும் தொகுத்த ரோட்லர்தான் இதை முதலில் தாவரவியலுக்குள் கொண்டுவந்தவர். இன்று அறிவியல் பெயர் கொரல்லோகார்பஸ் எபிஜியஸ். இலை கோவை இலைபோலப் பிளவுபட்டது. பூ இருக்கிற இடமே தெரியாது, அவ்வளவு சிறிசு. பழம்தான் அழகு: அடிப்பக்கமும் நீண்ட மூக்கும் பச்சையாக இருக்க, நடு வயிறு மட்டும் பவளமாகச் சிவந்திருக்கும். கிழங்கு வாயில் வைக்க முடியாத கசப்பு. சித்த மருத்துவத்தில் வீக்கத்துக்கும் வாத வலிக்கும் பேதிக்கும் இதைச் சொல்லியிருக்கிறார்கள். விஷக்கடிக்கும் சொல்வதுண்டு. அதை நம்பி யாராவது கேட்டால் நான் கொடுப்பதில்லை. பாம்பு கடித்தால் நேரே அரசு மருத்துவமனைக்குப் போங்கள், ஒரு நிமிடமும் வீணாக்காதீர்கள் என்று சொல்லி அனுப்பிவிடுவேன்.

இதன் ஊர் மலையடிவாரம். ராஜபாளையத்திலிருந்து அய்யனார் கோயிலுக்குப் போகிற வழியில், ஆறாவது மைல் நீர்த்தேக்கத்தைத் தொட்டுக்கொண்டு கிடக்கும் பாறைச் சரிவுகளைப் பார்த்தவர்களுக்குப் புரியும். இந்தப் பக்கம் செண்பகத்தோப்புக்குப் போகிற வழியும் அப்படித்தான். உசிலை, காரை, ஆவாரை, கள்ளி, பிரண்டை. நடுவில் ஓடைக்கரைச் சரளை. தென்மேற்குப் பருவமழையை மலை தன் மேற்குப் பக்கத்திலேயே வாங்கி வைத்துக்கொள்ளும். நமக்கு வருவது ஆடிச் சாரலும் காற்றும்தான். உண்மையான மழை ஐப்பசி, கார்த்திகையில். அந்த இரண்டு மாதத்துத் தண்ணீரை வைத்து ஒரு வருடம் முழுதும் உயிர் பிடித்திருக்க வேண்டும் என்றால், உடம்பையே குளமாக்கிக்கொள்ள வேண்டும். இந்தக் கொடி அதைத்தான் செய்கிறது. மழைக்குக் கொடி ஓடி, இலை விட்டு, பழுத்து, பங்குனி வெயிலில் மேலே உள்ளதெல்லாம் சருகாகிவிடும். தடித்த தோலுக்குள் தண்ணீரையும் மாவையும் பூட்டி வைத்துக்கொண்டு கிழங்கு மட்டும் கல்லிடுக்கில் கிடக்கும். செடிநூல்காரர்கள் இப்படிப் பருத்த அடித்தண்டையும் வேரையும் காடெக்ஸ் என்கிறார்கள்.

கிழக்கே கரிசலில் இதற்கு ஒரு பங்காளி உண்டு. விருதுநகர் மாவட்டத்துக்காரர்களுக்கு அதலைக்காயைச் சொல்லித் தர வேண்டியதில்லை. யாரும் விதைக்காமல், யாரும் தண்ணீர் பாய்ச்சாமல், மழை விழுந்ததும் புஞ்சைக்காட்டில் தானாக எழும்பும். கோடையில் கரிசல் பாளம் பாளமாக வெடித்துக் கிடக்கும்போதும் அதன் கிழங்கு உள்ளே உயிரோடு இருக்கும். அதலைக்காயை நாங்கள் பறித்துப் பொரியல் செய்து சாப்பிடுகிறோம், கிழங்கைத் தொடுவதில்லை. அடுத்த வருடமும் காய் வேண்டுமே. அங்கே தெரிகிற நிதானம் கருடன் கிழங்கில் ஏன் இல்லாமல் போனது என்று நான் யோசித்திருக்கிறேன். பயம் பசியைவிட அவசரக்காரி என்று நினைக்கிறேன்.

ராஜபாளையத்திலிருந்து ஒரு பெண் வந்தாள். நூற்பாலை ஒன்றில் வேலை. முந்தின வருடம் எங்களிடம்தான் வாங்கியிருக்கிறாள். கைப்பையிலிருந்து ஒரு காகிதப் பொட்டலத்தை எடுத்துப் பிரித்தாள். சுருங்கிக் கறுத்துப்போன கிழங்கு, கயிறோடு இருந்தது.

“யக்கா, நல்லாத்தான் கொடி விட்டுச்சு. நாலஞ்சு எலை வந்துச்சு. பெறகு இப்பிடி ஆயிப்போச்சு. எங்க வீட்டுல யாரு என்ன செஞ்சாக? பிள்ளைக்கு வேற மேலுக்குச் சொகமில்ல.”

அவள் மாமியார் சொல்லியிருக்கிறார், யாரோ வைத்த வினையைக் கிழங்கு வாங்கிக்கொண்டு கருகிவிட்டது என்று. பக்கத்து வீட்டில் ஒருத்தி சொல்லியிருக்கிறாள், வீட்டுக்குள் தீட்டு பார்க்காததால் கருகியது என்று. ஒருவர் வெளியே எதிரியைக் காட்டினார், இன்னொருத்தி இவளையே காட்டிவிட்டாள். பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு, தான்தான் குற்றவாளியோ என்று நடுங்கிப்போய் நின்றாள் அந்தப் பெண். காவலுக்குக் கட்டியது அவள்மேலேயே குற்றம் சாட்டிக்கொண்டிருந்தது.

“தாயி, உங்க வீட்டுல யாரும் ஒண்ணும் செய்யல. அதுக்குத் தண்ணி தவிச்சுப் போச்சு. உள்ள இருந்த தண்ணியில எலை விட்டுச்சு. தண்ணி தீந்துச்சு, காஞ்சு போச்சு. பிள்ளைய முதல்ல டாக்டர்கிட்டக் காட்டு” என்றேன்.

அவள் முகத்தில் வந்த நிம்மதியை நான் பார்த்தேன். அதற்குப் பிறகு இந்தக் கேள்வியை ஒதுக்கிவைக்க என்னால் முடியவில்லை. கொடி விட்டால் வீட்டுக்கு நல்லது, கருகினால் கெட்டதை வாங்கிக்கொண்டது என்று எது நடந்தாலும் நம்பிக்கைக்குச் சேதமில்லாமல் கணக்கு முடிந்துவிடுகிறது. அந்தக் கணக்கில் வராதது கிழங்கு மட்டும்தான். அது தாகத்தில் செத்தது என்ற ஒரு சாதாரண உண்மைக்கு அந்த வாசலில் இடமே இல்லை.

எங்கள் கடைக்குத் திரிபலா வாங்க வருகிற வைணவப் பெரியவர் ஒருவர் இருக்கிறார். அவரிடம் இதைச் சொன்னேன். அவர் அனுமன் கதையைச் சொன்னார். இந்திரஜித் விட்ட பிரம்மாஸ்திரம் அனுமனைக் கட்டியது. அது போதும் என்று அரக்கர்கள் விட்டிருக்க வேண்டும். விடாமல் சணல் கயிறும் மரப்பட்டைக் கயிறும் கொண்டுவந்து மேலும் கட்டினார்கள். வேறு கட்டு விழுந்ததும் அஸ்திரம் தானாகக் கழன்றுகொண்டது. சரணாகதிக்கு ஆசாரியர்கள் காட்டுகிற உதாரணம் இது. பெருமாளே ரட்சகன் என்று பற்றிய பிறகு இன்னொரு கயிற்றைத் தேடினால் முதல் கட்டு நிற்காது. “ஏம்மா, தாயார் சன்னிதிக்கு இவ்வளவு பக்கத்தில் கடை வைத்துக்கொண்டு நீ சணல் கயிறு விற்கலாமா?” என்று கேட்டார்.

அவர் சொன்னதில் பெரிய உண்மை இருக்கிறது. ஆனாலும் எனக்கு அது போதவில்லை. காய்ச்சல்காரப் பிள்ளையோடு நிற்கிற ஒருத்தியிடம், “உனக்குப் பூரண நம்பிக்கை இல்லை, அதனால்தான் கிழங்கைக் கட்டினாய்” என்று சொன்னால், மாமியாரும் பக்கத்து வீட்டுக்காரியும் சொன்னதோடு மூன்றாவது பழியாக அதுவும் அவள் தலையில்தான் விழும். மேலும் அந்த உதாரணம் பக்தனின் நெஞ்சைப் பற்றிப் பேசுகிறது. கயிற்றின் மறு முனையில் தொங்குகிற உயிரைப் பற்றிப் பேசவில்லை. எனக்கு அந்த முனையும் வேண்டியிருந்தது. புல்லும் மரமும் ஓரறிவு உயிர், தொட்டால் உணரும் உயிர் என்று தொல்காப்பியம் வகுத்திருக்கிறது. சமணர்கள் ஒரே கிழங்குக்குள் எண்ணற்ற உயிர்கள் குடியிருப்பதாகக் கொண்டு, கிழங்கு உண்பதையே விலக்கியிருக்கிறார்கள். அவ்வளவு தூரம் என்னால் போக முடியாது. எங்கள் வீட்டில் சேப்பங்கிழங்கும் கருணைக்கிழங்கும் உண்டு. ஆனால் சமைத்து உண்பவன் அந்தக் கிழங்குக்கு நன்றிக்கடன் படுகிறான். கட்டித் தொங்கவிட்டவனோ, அது சாகச் சாகத் தனக்கு ஊழியம் செய்வதாக நினைத்துக்கொள்கிறான்.

விடை தேடிக்கொண்டிருந்த எனக்கு வழிகாட்டியது நான் பிறந்ததிலிருந்து பார்த்துக்கொண்டிருக்கிற ஒரு காட்சிதான். எங்கள் ஊர் ஆண்டாள் சன்னிதியில் ஆண்டாளும் ரெங்கமன்னாரும் நிற்கிற அதே பீடத்தில் கருடாழ்வாரும் நிற்கிறார். மற்ற பெருமாள் கோயில்களில் பெரும்பாலும் கருடன் எதிர்ச் சன்னிதியில் இருப்பார். இங்கே உள்ளே, பக்கத்தில். ஊரில் சொல்கிற காரணம் இது: பங்குனி உத்திரத்துக் கல்யாணத்துக்கு ஸ்ரீரங்கத்திலிருந்து மாப்பிள்ளையை முகூர்த்தம் தவறாமல் சுமந்துகொண்டு வந்து சேர்த்தவர் கருடன். அதற்காகத் தம்பதிக்குப் பக்கத்தில் இடம் கிடைத்தது. பெரியாழ்வாரே கருடனின் அம்சம், அதனால் பெண்ணைக் கொடுத்த தகப்பனாக அங்கே நிற்கிறார் என்று சொல்கிறவர்களும் உண்டு. எப்படி இருந்தாலும் அவர் கையில் ஆயுதம் இல்லை. கை கூப்பியிருக்கிறார்.

இதைக் கவனித்த பிறகு எங்கள் ஊர்க் கருடன் எனக்கு வேறு மாதிரித் தெரிய ஆரம்பித்தார். அவர் வாசல் காவலர் இல்லை. எதையும் விரட்டுவதற்காக நிற்கவில்லை. கொண்டுவந்து சேர்த்தார், அதனால் உள்ளே இருக்கிறார். ஆடிப்பூரத் திருவிழாவின் ஐந்தாம் நாளில் ஐந்து கருட சேவை நடக்கும். பெரிய பெருமாள், ரெங்கமன்னார், ஊருக்குப் பக்கத்துத் திருவண்ணாமலை சீனிவாசப் பெருமாள், செண்பகத்தோப்பு மலையிலிருந்து காட்டழகர், திருத்தங்கல் அப்பன் ஆக ஐவரும் கருடன்மேல் வருவார்கள். ஆண்டாளுக்கும் பெரியாழ்வாருக்கும் அன்ன வாகனம். அந்த இரவில் தெருவில் நின்று பார்த்தால், பறவைகளெல்லாம் தோள்கொடுத்து எதையோ நம்மிடம் கொண்டுவருவது தெரியும். புரட்டாசியில் திருமலையில் பிரம்மோற்சவ கருட சேவைக்கு ஆண்டாள் சூடிய மாலை இங்கிருந்து போகிறது. அங்கும் கருடனின் வேலை சுமப்பதே.

ராஜபாளையத்துக்காரர்களுக்கும் இதே கதை வேறொரு உருவில் இருக்கிறது. ஊருக்குக் கிழக்கே சஞ்சீவி மலை. அனுமன் மருந்து மலையைத் தூக்கிப் போனபோது விழுந்த துண்டு என்பார்கள். வைணவத்தில் கருடன் பெரிய திருவடி, அனுமன் சிறிய திருவடி. இந்த இரண்டு ஊருக்கும் நடுவே பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர்தான். இரண்டு ஊரும் தங்கள் கதையைச் சுமந்து வந்த ஒருவரிடமிருந்து தொடங்குகின்றன என்பது எனக்குப் பெரிய ஆறுதல்.

சஞ்சீவி எந்தச் செடி என்று ஆராய்கிறவர்கள் இன்றும் இருக்கிறார்கள். கர்நாடக அறிஞர்கள் கணேசய்யா, வாசுதேவா, உமா சங்கர் மூவரும் 2009-இல் கரண்ட் சயன்ஸ் இதழில் அதைப் பற்றிக் கட்டுரை எழுதினார்கள். எனக்கு எந்தச் செடி என்பதைவிட அனுமன் செய்த காரியம்தான் முக்கியம். மூலிகையை அடையாளம் காண முடியாதபோது கையில் கிடைத்ததையெல்லாம் அவன் பிடுங்கிக்கொண்டு வரவில்லை. மலையோடு தூக்கி வந்தான். செடி தன் மண்ணோடு, தன் கல்லோடு, தன் பக்கத்துச் செடிகளோடு வந்தது. வாசனை பட்டதும் விழுந்து கிடந்த வானரங்கள் எழுந்தன. வேலை முடிந்ததும் அந்த மலையை இருந்த இடத்திலேயே கொண்டுபோய் வைத்துவிட்டான் என்று வால்மீகி சொல்கிறார். சண்டை நடந்துகொண்டிருக்கிறது, இன்னும் எத்தனையோ பேர் விழப்போகிறார்கள், ஆனாலும் திரும்பக் கொண்டுபோய் வைத்தான். மருந்து எடுக்கிற தொழிலில் இருக்கிற எனக்கு இதைவிடப் பெரிய சட்டம் கிடையாது.

கிழங்கு காற்றைத் தின்று வாழ்கிறது என்று வாங்குகிறவர்கள் சொல்வார்கள். படித்த பிள்ளைகள் அதைக் கேட்டுச் சிரிப்பார்கள். எனக்கு இரண்டு பேரிடமும் சொல்ல ஒன்று உண்டு. 17-ஆம் நூற்றாண்டில் வான் ஹெல்மண்ட் என்பவர் 200 பவுண்டு காய்ந்த மண்ணில் 5 பவுண்டு எடையுள்ள வில்லோ மரக்கன்றை நட்டு, ஐந்து வருடம் தண்ணீர் மட்டும் ஊற்றினார். மரம் 169 பவுண்டு ஆனது. மண்ணில் குறைந்தது 2 அவுன்ஸ். மரமெல்லாம் தண்ணீரிலிருந்தே வந்தது என்று அவர் முடிவு செய்தார். அவர் இறந்த பிறகு 1648-இல் அது அச்சானது. பின்னால் வந்தவர்கள், முக்கியமாக 1804-இல் ஜெனீவாவின் டி சொஸ்யூர், மரத்தின் உடம்பில் பெரும்பகுதி காற்றிலுள்ள கரியமில வாயுவிலிருந்து வருகிறது என்று காட்டினார்கள். ஆக, எல்லாச் செடியும் ஆகாசத்தைத் தின்றுதான் வளர்கிறது. செண்பகத்தோப்பு மாமரமும் அப்படித்தான். ஆனால் ஆகாசத்தைத் தின்பதற்கு இலையின் வாயைத் திறக்க வேண்டும். திறந்தால் உள்ளிருக்கிற தண்ணீர் வெளியே போகும். மண்ணில் உள்ள கொடி போனதை வேரால் இழுத்துக்கொள்ளும். வாசலில் தொங்குவதற்கு அந்த வழி அடைபட்டுவிட்டது. அது விடுகிற ஒவ்வொரு இலையும் சேமிப்பிலிருந்து எடுத்துச் செய்கிற செலவு. மனிதர்கள் அதை நல்ல சகுனம் என்று கொண்டாடுகிறார்கள்.

இதைத் தெரிந்துகொண்டால் தெய்வத்தன்மை போய்விடுமா? எனக்குக் கூடித்தான் இருக்கிறது. என் கையில் இருக்கிற கிழங்குக்குள் போன ஐப்பசியில் இந்த மலையில் விழுந்த மழை இருக்கிறது. எட்டு ஒன்பது மாத வெயிலைத் தாண்டி ஒரு உயிர் அதைச் சுமந்துகொண்டு வந்திருக்கிறது. கருடன் என்ற பெயருக்கு அது தகுதியானது என்று நான் மனதாரச் சொல்வேன். வினையை விரட்டுவதாலோ பாம்பைத் துரத்துவதாலோ வந்த தகுதி இல்லை அது. சுமந்து வந்து சேர்ப்பதால் வந்தது. அதைக் கும்பிடுகிறவர்களை நான் கும்பிட வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். எதற்காகக் கும்பிடுகிறோம் என்பது மாறினால் அதை எப்படி நடத்துகிறோம் என்பதும் மாறும்.

இப்போது அதன் இடம் சுருங்கிக்கொண்டு வருகிறது. முன்பு தோட்டத்துக்குக் கள்ளி வேலியும் முள் வேலியும் இருந்தன. கொடிக்கு அதுதான் நிழல், பந்தல், பாதுகாப்பு எல்லாம். அடிவாரத்து மாந்தோப்பும் தென்னந்தோப்பும் கம்பி வேலிக்கு மாறியபோது வேலியோடு கொடியும் போனது. மலைப்பகுதி 1988 முதல் சாம்பல் நிற அணில் சரணாலயம். 2021-இல் ஸ்ரீவில்லிபுத்தூர் - மேகமலை புலிகள் காப்பகமாகவும் ஆனது. உள்ளே ஒரு வேரைக்கூட எடுக்கச் சட்டம் விடாது, விடவும் கூடாது. ஆகவே பிடுங்குகிறவர்கள் சரணாலயத்துக்கு வெளியே, ஓடைக்கரையிலும் புஞ்சை வரப்பிலும் மிச்சம் இருப்பதைத் தேடுகிறார்கள். பெரிய கிழங்குக்குத்தான் நல்ல விலை; பெரிய கிழங்குதான் பழம் விட்டு விதை கொடுக்கிற தாய். அதை எடுத்துவிட்டால் அந்த ஓடைக்கரையில் அடுத்த தலைமுறை இல்லை.

உலகம் முழுக்க இதே பசி இருக்கிறது, காரணம் மட்டும் வேறு. ஐரோப்பாவிலும் ஜப்பானிலும் அமெரிக்காவிலும் பருத்த அடியுள்ள செடிகளைச் சேகரிக்கிறவர்கள் பலர். மண்ணுக்குள் இருக்க வேண்டிய கிழங்கை மேலே எடுத்து, அழகான தொட்டியில் அதன் சுருக்கங்கள் தெரியும்படி வைப்பார்கள். மடகாஸ்கரின் பாக்கிபோடியம் செடிகள் அப்படிக் கூட்டம் கூட்டமாகப் பிடுங்கப்பட்டதால்தான் சைட்டிஸ் ஒப்பந்தத்தில் அவற்றின் வணிகத்துக்குக் கட்டுப்பாடு வந்தது. விதையிலிருந்து வளர்த்தால் மெதுவாகத்தான் பருக்கும். காட்டில் கிடைப்பதற்கு வயதின் அழகு உண்டு. அந்த வயதை விலை கொடுத்து வாங்கிவிடலாம் என்று நினைக்கிறார்கள். அவர்கள் ரசனைக்காகச் செய்வதை நாம் பயத்துக்காகச் செய்கிறோம். செடிக்கு இரண்டும் ஒன்றுதான்.

இதையெல்லாம் சொன்னபோது அந்த வைணவப் பெரியவர் ஒரு நல்ல எதிர்க்கேள்வி போட்டார். “அப்படிப் பார்த்தால் பெருமாளுக்குத் துளசி பறிப்பதும் உயிரைப் பறிப்பதுதானே? பெரியாழ்வார் வாழ்நாள் முழுதும் அதைத்தானே செய்தார்?” நான் ராத்திரி முழுக்க யோசித்த கேள்வி அது. மறுநாள் அவரிடம் சொன்னேன்: பெரியாழ்வார் பறித்தது தன் நந்தவனத்தில். நட்டார், தண்ணீர் விட்டார், பிறகு பறித்தார். பறித்த பிறகும் செடி அங்கேயே நின்றது. அந்தத் துளசி மண்ணிலிருந்துதான் அவருக்கு மகளும் கிடைத்தாள். ஆண்டாள் கையில் இருக்கிற கிளியைப் பாருங்கள். மரவள்ளி இலையும் மாதுளம்பூவும் கொண்டு தினம் ஒன்று புதிதாகக் கட்டுகிறார்கள். மரவள்ளி தென் அமெரிக்காவிலிருந்து வந்த கிழங்கு. தாயார் அதை வேற்றூர்ச் செடி என்று ஒதுக்கவில்லை. இலையைக் கேட்கிறாள், கிழங்கைப் பிடுங்கச் சொல்லவில்லை.

இப்போது நான் செய்வது இதுதான். தோட்டம் வைத்திருக்கிற தெரிந்தவர்களிடம் பழம் வாங்கி விதை எடுத்து, வீட்டுக் கொல்லையில் செம்மண்ணும் சரளையும் கலந்து தொட்டியில் போடுகிறேன். முளைத்ததைக் கடை வாசலில் வைத்திருக்கிறேன். கிழங்கு கேட்டு வருகிறவர்களிடம் முதலில் தொட்டியைக் காட்டுகிறேன். தண்ணீரைக் குறைத்து ஊற்றினால் போதும், வாசல் தூணில் ஏற்றிவிடலாம், வருடா வருடம் பழுக்கும் என்று சொல்கிறேன். சிலர் வாங்குகிறார்கள். பலர் தயங்குகிறார்கள். “மண்ணுல இருந்தா அது எப்பிடி மதினி ஆகாச கருடனாகும்?” என்று ஒரு அண்ணாச்சி கேட்டார். “நம்ம கோயில்ல இருக்கிறவரும் பீடத்துலதான நிக்கிறாரு அண்ணாச்சி” என்றேன். அவர் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு, கயிற்றில் கட்டுகிற கிழங்கையே வாங்கிக்கொண்டு போனார்.

அப்படி வாங்குகிறவர்களிடம் ஒரு வாக்கு கேட்கிறேன். ஆடியில் கட்டினால் ஐப்பசி முதல் மழைக்கு இறக்கி மண்ணில் வைத்துவிட வேண்டும். ஆடியிலிருந்து ஐப்பசிவரை அது காட்டில் இருந்தாலும் காய்ந்த சரளையில்தான் கிடக்கும். அந்த மூன்று மாதத்தைத் தாங்க அதற்குத் தெரியும். அதற்கு மேல் கேட்க நமக்கு உரிமை இல்லை. பெரியவர் இதை ஒப்புக்கொள்ளவில்லை. “திருப்பித் தரப்போகிறோம் என்பதற்காக எடுத்துக் கட்டலாமா? அனுமன் மலையை எடுத்தது செத்துக்கொண்டிருந்தவர்களுக்காக. இந்த வாசலில் யார் சாகிறார்கள்?” என்கிறார். பிள்ளைக்குக் காய்ச்சல் என்று நிற்கிறவளுக்கு அது லங்கையின் போர்க்களத்துக்குக் குறைந்ததில்லை என்பது என் கட்சி. நாங்கள் இருவரும் இதில் இன்னும் ஒத்துப்போகவில்லை. போன வாரமும் திரிபலா கட்டிக் கொடுக்கும்வரை இதையேதான் பேசிக்கொண்டிருந்தோம்.